பின் பலகை எத்தனை பேரைத் தாங்கும்?

டேங்கியில் எத்தனை லிட்டர் பால் பிடிக்கும் என்று கேட்டால் ஸ்டோர் கிராணி உடனே சொல்லி விடுவார். ஒரு நிரையில் எத்தனை மரம் என்று கேட்டால் மண்டோர் சொல்லுவார். வண்டி ஒரு கேலன் எண்ணெய்க்கு எத்தனை மைல் ஓடும் என்று கேட்டால் டிரைவர் சொல்லுவார். ஆனால் அதே வண்டியின் பின் பலகையைத் திறந்து போட்டு அதன் மேல் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். துரையிலிருந்து டிரைவர் வரையில் பதில் சொல்ல ஆளிராது. மற்ற எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும் தோட்டத்தில், மனிதர் உட்காரும் பலகைக்கு மட்டும் கணக்கு இல்லை.

இது சில்லறை விஷயமென்று நினைப்பவர்கள் இருக்கலாம். சம்பள உயர்வு, சொந்த வீடு, ஓய்வுக்காலப் பணம் என்று எத்தனையோ பெரிய பிரச்சினைகள் கிடக்க, ஒரு பலகையைப் பற்றித் தலையங்கமா என்று கேட்கலாம். உயர்ந்த சம்பளத்தை வாங்குவதற்குத் தொழிலாளி உயிரோடு ஸ்டோருக்குத் திரும்பி வர வேண்டும். அதனால்தான் இந்தப் பலகையைப் பற்றி எழுதுகிறோம்.

நடந்த காலமும் ஏறும் காலமும்

செமினி வட்டாரத்தை எடுத்துக் கொள்வோம். காஜாங்கிலிருந்து பெரானாங் போகும் பழைய பெருஞ்சாலையின் இருமருங்கிலும், புரோகா, ரிஞ்சிங் பக்கங்களிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்களே நின்றன. லயங்கள் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, காண்டாக் கம்பும் வாளியுமாகத் தொழிலாளி தன் நிரைக்கு நடந்தே போனான். கால் வலித்தது; அட்டை கடித்தது; ஆனாலும் வண்டியிலிருந்து விழுந்து சாகும் ஆபத்து அவனுக்கு இல்லை.

இன்று நிலைமை வேறு. மரங்கள் நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. பல்கலைக்கழகம் வந்துவிட்டது, நெடுஞ்சாலை வந்துவிட்டது. மிஞ்சிய ரப்பர்க் காடுகள் துண்டு துண்டாக, ஒன்றுக்கொன்று தூரமாகக் கிடக்கின்றன. லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு தொழிலாளி ஓரிடத்திலும் மரம் வேறோரிடத்திலும் என்று ஆகிவிட்டது. ஆகவே வண்டியில் போவதும் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. அந்த வண்டியும் முன்போல் தோட்டத்து மண் சாலையில் மட்டும் ஊர்ந்து போவதில்லை. சிமெண்டு லோரிகளும் விரைவுக் கார்களும் பறக்கும் பொதுச் சாலையைக் கடந்து போகிறது.

பிக்கப் வண்டியில் முன்னால் நாலு பேர் உட்காரலாம். பத்துப் பேரை ஏற்ற வேண்டுமானால் மற்றவர் எங்கே போவது? தொட்டியில் பால் தோம்பும், அமோனியா டின்னும், கட்டிப்பால் மூட்டையும் இடத்தைப் பிடித்துக் கொள்கின்றன. மிஞ்சுவது பின் பலகைதான். அதைத் திறந்து போட்டுக் காலைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து விடுகிறார்கள். காற்று வருகிறது; இறங்குவது சுலபம்; கட்டிப்பாலின் நாற்றம் கொஞ்சம் குறைவு. இப்படித்தான் ஒரு ஆபத்து நாளடைவில் வழக்கமாகிறது.

காண்டாக் கம்பு சொல்லும் பாடம்

பலகை எவ்வளவு தாங்கும் என்பதை அறிய இன்ஜினியர் படிப்பு வேண்டியதில்லை. காண்டாக் கம்பு தூக்கியவர்களுக்கு அது தெரிந்த பாடம். வாளி தோளுக்கு அருகில் தொங்கினால் ஒரு மாதிரி. கம்பின் நுனிக்குத் தள்ளினால் அதே வாளி இரண்டு மடங்கு கனமாகத் தெரியும். எடை மாறவில்லை, தூரம் மாறியது. பின் பலகையின் கதையும் இதுவேதான்.

திறந்த பலகையை ஒரு முனையில் கீல்களும், இரு பக்கங்களில் சங்கிலியோ இரும்புக் கேபிளோ பிடித்திருக்கின்றன. பலகைக்கு அடியில் முட்டுக் கிடையாது. கீலிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில் கேபிள் மாட்டியிருக்கிறது, அது சாய்வாக 45 பாகையில் இழுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். காலைத் தொங்கவிட்டு ஓரத்தில் உட்காருபவர்களின் பாரம் கீலிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டரில் விழும். கணக்குப் போட்டால், உட்கார்ந்தவர்களின் மொத்த எடையில் 80 விழுக்காடு ஒவ்வொரு கேபிளிலும் இழுவிசையாக ஏறுகிறது. பாதிப் பாதியாகப் பிரிந்து போகும் என்று நாம் நினைப்போம். சாய்வினாலும் தூரத்தினாலும் அது அப்படிப் பிரிவதில்லை.

மூன்று பேர் சேர்ந்து 200 கிலோ என்று வைப்போம். வண்டி அசையாமல் நிற்கும்போதே ஒவ்வொரு கேபிளும் 160 கிலோவை இழுத்துப் பிடித்திருக்கிறது. வண்டி ஒரு குழியில் இறங்கி எழுந்தால் என்ன ஆகும்? உயரத்திலிருந்து விழாமல், சட்டென்று ஒரேயடியாக ஏறும் பாரமே நிலையான பாரத்தைப்போல் இரண்டு மடங்கு வரை இழுக்கும் என்பது பொறியியலில் பால பாடம். 160 கிலோ அந்தக் கணத்தில் 320 கிலோ ஆகிறது. மேலேயிருந்து ஒருவர் குதித்தால் அதையும் தாண்டும்.

இனி ஒரு பக்கத்துக் கேபிள் அறுந்து விட்டதென்று வையுங்கள். மற்றக் கேபிள் நிற்கும் நிலையிலேயே 320 கிலோவைத் தாங்க வேண்டும். குலுக்கலில் 640 கிலோ. பலகையும் முறுக்கிக் கொண்டு கீலைப் பிடுங்கப் பார்க்கும். ஆகவே ஒன்று அறுந்தால் மற்றொன்று காப்பாற்றும் என்ற நம்பிக்கை வீண். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அடுத்த குழியிலேயே போய்விடக்கூடும். வண்டிக்கு வண்டி இந்த அளவுகள் மாறும். நமது எண்கள் ஒரு மாதிரிக்குத்தான். ஆனால் ஓரத்தில் ஏறும் பாரமும் சாலையின் குலுக்கலும் சேர்ந்து நாம் கண்ணால் காணும் எடையைப் பல மடங்காக்கும் என்பது எந்த வண்டிக்கும் பொது.

ஒரு டன் என்பது எந்த ஒரு டன்?

"இது ஒரு டன் இழுக்கும் வண்டி, மூன்று பேர் உட்கார்ந்தால் என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. இங்கேதான் தவறு நடக்கிறது. ஒரு டன் என்பது தொட்டி முழுவதும் பரவி, அச்சுக்கு அருகே கிடக்கும் பாரத்துக்கு உரிய கணக்கு. சரக்கு லோரியின் கதவில் 'பெராட் டெங்கான் முவாத்தான்', 'பெராட் தன்பா முவாத்தான்' என்று இரண்டு எடைகள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவதே வண்டி ஏற்றக்கூடிய மொத்தச் சுமை. அதில் ஆட்களின் எடையும் அடக்கம். அந்த எண்ணுக்கும் பின் பலகைக்கும் சம்பந்தம் இல்லை.

அமெரிக்காவில் விற்கப்பட்ட ஹோண்டா ரிட்ஜ்லைன் என்ற பிக்கப்பின் பின் கதவு, திறந்த நிலையில் ஓடும்போது 300 பவுண்டு, அதாவது 136 கிலோ தாங்கும் என்று தயாரித்தவர்களே சொன்னார்கள். ஜி.எம்.சி. வண்டிகளில் பின் கதவிலேயே மடித்து விரிக்கும் படி ஒன்று வந்தது. அது 375 பவுண்டு, அதாவது 170 கிலோ தாங்கும் என்றார்கள். புத்தம் புதிய வண்டிகளில், கம்பெனியே விளம்பரம் செய்யும் வகையில் கட்டிய கதவுகளுக்கு உரிய எண்கள் இவை. நம் பழைய பிக்குள் கணக்கில் பார்த்தால், ஒரு பிக்குள் 60 கிலோவுக்குச் சற்று அதிகம்; ஆக முதல் கதவு தாங்குவது இரண்டேகால் பிக்குள்தான். பாலோடு கூடிய 200 லிட்டர்த் தோம்பு ஒன்று, தகர எடையையும் சேர்த்தால் 210 கிலோவைத் தாண்டிவிடும். அதை ஏற்றும்போது பலகையின் ஓரத்தில் உருட்டி நிறுத்தி மூச்சு வாங்குகிறோமே, அப்பொழுது அந்தக் கேபிள் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு தீமையும் உண்டு. திறந்த பலகையின் பாரம் பின் அச்சுக்கு வெகு பின்னால் விழுகிறது. அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 200 கிலோ வைத்தால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் மூன்று மீட்டர் இடைவெளி உள்ள வண்டியில், முன் சக்கரங்களின் மேலிருந்து 100 கிலோ குறைந்துவிடும். பின் அச்சில் 300 கிலோ ஏறும். முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. மழை பெய்த செம்மண் மேட்டில் இது எங்கே கொண்டு போய்விடும் என்பது டிரைவர் தோழர்களுக்குத் தெரியும்.

துரு கண்ணுக்குத் தெரியாது

2004-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் உலகப் பெரும் மோட்டார்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ், வட அமெரிக்காவில் தான் விற்ற ஏறத்தாழ 40 இலட்சம் பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் இன்ஜினோ பிரேக்கோ அல்ல. திறந்த பின் கதவைப் பிடித்திருக்கும் கேபிள்தான் காரணம். நாகம் பூசிய எஃகுக் கேபிள் ஈரத்தால் துருப்பிடித்து, நாளடைவில் பலமிழந்து அறுந்து போகிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. கதவின் மேல் உட்கார்ந்தோ நின்றோ இருந்தவர்கள் விழுந்து காயம் பட்டதாக 130-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்த பின்னரே அந்த நடவடிக்கை. துருப்பிடிக்காத எஃகுக் கேபிள்களை மாட்டிக் கொடுத்தார்கள்.

இந்தச் செய்தியில் நமக்குப் பாடம் இருக்கிறது. அவை நாலைந்து வயதுக்குட்பட்ட வண்டிகள். மேலே உறை போட்ட கேபிள். உள்ளே ஈரம் புகுந்து கொண்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அங்கேயே அப்படியானால், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் உலு லங்காட்டில் என்ன கதி? நம் வண்டியில் மழையோடு நிற்பதில்லை. கட்டிப்பாலிலிருந்து வடியும் புளித்த நீர் இரும்பை அரிக்கும். பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலம் சிந்தினால் அதுவும் அரிக்கும். இவையெல்லாம் வழிந்து போய்த் தங்கும் இடம் எது? பின் பலகையின் கீலும் கொக்கியும் சங்கிலியின் அடிக் கண்ணியும்தான். ஆக, தோட்டத்து வண்டியில் எந்தப் பாகம் முதலில் கெடுமோ, அந்தப் பாகத்தை நம்பியே நம் ஆட்களை உட்கார வைக்கிறோம்.

விழுந்தால் என்னவாகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியிலிருந்து விழுந்து தலை ஒரு கல்லிலோ மரத்திலோ மோதினால், அந்த அடி ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த அடிக்குச் சமம். மெதுவாகத்தானே ஓட்டுகிறோம் என்று சொல்லும் வேகம்தான் இது. பின்னால் இன்னொரு வண்டி வந்தால் கணக்கே வேண்டியதில்லை.

உலகம் கற்ற பாடம்

சரக்கு ஏற்றுகிற வண்டியில் மனிதரை ஏற்றும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஏழைத் தொழிலாளி எங்கெங்கு இருக்கிறானோ அங்கெல்லாம் அது இருக்கிறது. 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சுவாலர் என்ற ஊருக்கருகில், காய்கறித் தோட்டத்தில் வேலை முடித்துத் திரும்பிய மெக்சிக்கோத் தொழிலாளிகளை ஏற்றிய வண்டி ஒன்று ரயில் பாதையைக் கடக்கையில் சரக்கு ரயில் மோதியது. 32 பேர் மாண்டனர். அது பஸ் அல்ல. தட்டையான லோரிக்கு மேலே கூரை கட்டி, நீளப் பலகைகளை ஆசனமாகப் போட்டு பஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சாவுகள் அமெரிக்க மக்களின் மனத்தை உலுக்கின. மெக்சிக்கோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தருவிக்கும் திட்டத்துக்கு எதிராக எழுந்த குரல் வலுத்தது. 1964-ஆம் ஆண்டின் முடிவோடு அத்திட்டமும் முடிந்தது. 32 உயிர் போன பிறகுதான் ஒரு பலகை ஆசனத்தைப் பற்றி நாடு பேசியது என்பதை நாம் மறக்கலாகாது.

தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் தொழிலாளரை ஏற்றுவது நெடுநாள் வழக்கம். அங்குள்ள சாலைப் போக்குவரத்து விதி ஒன்று அளவுகோல் வைத்துப் பேசுகிறது. ஆட்கள் உட்கார்ந்து போனால் உட்காரும் தளத்துக்கு மேல் குறைந்தது 350 மில்லிமீட்டர் உயரத்துக்கு அடைப்பு வேண்டும். நின்று போனால் 900 மில்லிமீட்டர் உயரத்துக்கு வேண்டும். கருவிகளோடும் சரக்கோடும் ஆட்களைச் சேர்த்து ஏற்றுவதானால் நடுவே தடுப்பு வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், திறந்து போட்ட பின் பலகையில் உட்கார்வது எந்த வகையிலும் தேறாது. அங்கே முதுகுக்குப் பின் அடைப்பு இல்லை. காலுக்கு முன் சாலைதான் இருக்கிறது.

இந்தியாவிலோ வேறொரு கசப்பான பாடம். சரக்கு வண்டியில் கூலியின்றி ஏறிச் செல்பவர் இறந்தால், இழப்பீடு கொடுக்கும் பொறுப்பை மோட்டார் வாகனச் சட்டம் இன்சூரன்ஸ் கம்பெனியின் மேல் சுமத்தவில்லை என்று ஆஷா ராணி வழக்கிலும் (2002), பல்ஜித் கவுர் வழக்கிலும் (2004) அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆகையால் நமக்கும் இருக்கிறது என்று எண்ணி ஏறுகிறவன், தன் குடும்பத்துக்கு ஒரு வழக்கைத்தான் விட்டுச் செல்கிறான்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் சொக்சோ இருக்கிறது. வேலையில் நேரும் விபத்துக்கும், வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளரும் அதில் சேர்க்கப்பட்டு விட்டனர். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கிராணி தோழர்கள் இந்த 48 மணி நேரத்தை மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும். "சின்ன அடிதானே, போகட்டும்" என்று பாரம் எழுதாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து இடுப்பு வலி வரும்போது அந்தத் தொழிலாளியின் கையில் ஆதாரம் எதுவும் இராது.

ஆனால் ஒன்று. சொக்சோவில் காப்புறுதி பெற்ற தொழிலாளி, வேலை விபத்துக்காக முதலாளி மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. பெரும்பாலும் சொக்சோ கொடுப்பதே கிடைப்பது. ஆகவே விபத்துக்குப் பிறகு போராடி வாங்கலாம் என்ற எண்ணம் நம்மைக் காப்பாற்றாது. விபத்துக்கு முன் போராடுவதே புத்திசாலித்தனம்.

அதற்குரிய ஆயுதமும் சட்டத்தில் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்குப் பாதுகாப்பான வேலை முறையை ஏற்படுத்தித் தரும் கடமையை விதிக்கிறது. அது திருத்தப்பட்டு 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முதலாளியின் கடமை தவறுதலுக்கு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் 500,000 ரிங்கிட் ஆக்கப்பட்டிருக்கிறது. 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். 40 பேர் இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது புதிதாகச் சேர்க்கப்பட்ட 26ஏ பிரிவு. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அதை முதலாளியிடம் தெரிவித்து, முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக் கொள்ளலாம். அதற்காக அவனைத் தண்டிக்கக் கூடாது. குத்தகைக்காரரின் ஆட்கள்தானே என்று நிர்வாகம் கை கழுவவும் முடியாது. வேலை கொடுக்கும் மூலவருக்கும் திருத்தச் சட்டத்தில் கடமை உண்டு.

"ஏறுபவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் ஏறுக" என்று வண்டியில் பலகை எழுதி மாட்டுவதை நாம் அறிவோம். சட்டம் விதித்த கடமை நாலு வரிப் பெயிண்டால் அழிந்து போவதில்லை என்பதை நிர்வாகத்தாருக்கு நினைவூட்டுகிறோம்.

குற்றம் யாருடையது?

விபத்து நடந்தால் முதலில் பழியேற்பவர் டிரைவர். அடுத்து, "ஏன் அங்கே உட்கார்ந்தாய்?" என்று காயம் பட்டவரே கேட்கப்படுகிறார். இதை நாம் ஏற்கவில்லை. தொழிலாளி தன் உயிரைப் பேண வேண்டிய கடமை உடையவன்தான். சட்டமும் அப்படியே சொல்கிறது. ஆனால் அவன் ஏன் அங்கே உட்கார்ந்தான் என்று ஆராய்ந்தால் விடை எங்கோ இருக்கிறது.

பால் இறக்கிய நேரத்திலிருந்து உறையும் நேரம் வரைக்கும் ஓட்டம்தான். உறைந்துவிட்டால் பால் விலை போய்க் கட்டிப்பால் விலை. கிலோவுக்கு இவ்வளவு என்று சம்பளம் இருக்கும்போது, இரண்டாவது நடைக்குக் காத்திருப்பவனுக்குக் கை நட்டம். மழை மிரட்டும் நாளில் இன்னும் அவசரம். நிர்வாகமோ ஒரே நடையில் ஆளையும் பாலையும் ஏற்றிவிட்டால் எண்ணெய் மிச்சம் என்று பார்க்கிறது. இந்த இரண்டு அவசரங்களும் சந்திக்கும் இடமே அந்தப் பின் பலகை. ஆகவே குற்றம் உட்கார்ந்தவனிடம் இல்லை. உட்கார வேறு இடம் இல்லாதபடி வேலையை அமைத்தவர்களிடம் இருக்கிறது.

பெண் தொழிலாளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரம் வெட்டுவோரில் பெண்கள் ஏராளம். இடுப்பளவு உயரத்திலிருக்கும் பலகையில், கையில் வாளியும் கத்தியுமாக, முழங்காலை ஊன்றி அவர்கள் ஏறுகிறார்கள். ஏறும்போது கேபிளைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். கர்ப்பிணிகளும் இதில் உண்டு. ஒரு இரும்பு ஏணிப்படி செய்து கொடுக்க ஒரு வெல்டருக்கு அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்கு எந்த நிர்வாகமும் காரணம் சொல்ல முடியாது.

நமது கோரிக்கைகள்

"அப்படியானால் எத்தனை பேர்தான் உட்காரலாம்?" என்று கேட்கும் வாசகருக்கு நமது பதில் நேரானது. வண்டி ஓடும்போது ஒருவரும் கூடாது. வண்டி நிற்கும்போது, வண்டியின் கையேட்டில் தயாரிப்பாளர் குறித்த எடைக்குள், நடுவில், ஒருவர் பின் ஒருவராக ஏறி இறங்கலாம். கையேட்டில் அந்த எண் இல்லையென்றால், அந்தப் பலகை மூடுவதற்கு உரியதே தவிர உட்காருவதற்கு உரியதல்ல. தோம்பை அதன் மேல் உருட்டி நிறுத்தவும் கூடாது; மேடை கட்டியோ, தரையில் ஊன்றும் சாய்வுப் பலகை வைத்தோ ஏற்ற வேண்டும்.

இதன்படி, தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கோருவன:

1. ஒவ்வொரு வண்டியின் பின் பலகையிலும் அது தாங்கும் எடையைக் கிலோவில் எழுத வேண்டும். மலாயிலும் தமிழிலும், வெளிநாட்டுத் தொழிலாளர் படிக்கும் மொழியிலும் எழுத வேண்டும்.

2. ஆள் ஏற்றும் வண்டி பின் பலகையை மூடிக் கொக்கி போட்ட பிறகே புறப்பட வேண்டும். ஆட்களுக்குத் தொட்டியின் முன்பகுதியில் இறுக்கிய பெஞ்சும், பக்கக் கம்பியும், ஏறப் படியும் வேண்டும்.

3. பாலும் ஆளும் தனித்தனி நடையாகப் போக வேண்டும். முடியாத இடத்தில் நடுவே உறுதியான தடுப்பு வேண்டும்.

4. சங்கிலி, கேபிள், கீல், கொக்கி நான்கையும் வாரம் ஒருமுறை கழுவிப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரு இழை அறுந்திருந்தாலும், துரு தெரிந்தாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

5. அதிகப்படி ஆளை ஏற்ற மறுக்கும் டிரைவர்மேல் நடவடிக்கை கூடாது. இரண்டாவது நடைக்குக் காத்திருக்கும் நேரத்துக்குத் தொழிலாளியின் சம்பளம் குறையக் கூடாது.

இவற்றில் எதுவும் நிர்வாகத்தைத் திவாலாக்கும் கோரிக்கை அல்ல. ஒரு ஜோடிக் கேபிளின் விலை, ஒரு லோரிப் பாலின் விலைக்கு முன்னால் தூசு. உண்மையில் செலவாகக் கூடியது ஐந்தாவது கோரிக்கைதான். அதனால்தான் அதில் நாம் விட்டுக் கொடுக்க முடியாது. நேரத்துக்குக் கூலி இல்லாதவரை, மற்ற நான்கும் காகிதத்தில் இருக்கும். தொழிலாளி பலகையில் இருப்பான்.

தோழர்களே, நாமும் சும்மா இருக்கலாகாது. கிளைச் செயலாளர்கள் தம் தோட்டத்தில் எத்தனை வண்டி, எத்தனை ஆள், பின் பலகையின் நிலை என்ன என்று இம்மாதமே பார்த்து எழுதுங்கள். பாதுகாப்புக் குழு இருக்கும் தோட்டங்களில் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக இதை வையுங்கள். 40 பேர் இருந்தும் குழு இல்லாத தோட்டங்களின் பெயரைச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். கிராணி தோழர்கள் லோரிப் புத்தகத்தில் பால் எடைக்குப் பக்கத்தில் ஏறிய ஆட்களின் எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். எழுதி வைத்த எண்ணை எந்தத் துரையாலும் இல்லையென்று சொல்ல முடியாது. மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லுங்கள். நமது மொழி தெரியாத வெளிநாட்டுத் தோழனையும் கைபிடித்து உள்ளே உட்கார வையுங்கள். விழுந்தால் அவன் எலும்பும் நம் எலும்பைப்போல்தான் முறியும்.

பாலின் எடையை அரைக் கிலோவும் தவறாமல் நிறுக்கத் தெரிந்த தோட்டம், அந்தப் பாலை எடுத்த மனிதரின் எடையையும் ஒரு தடவை நிறுத்துப் பார்க்கட்டும்.